இரண்டாவது ஊசியை எழுது, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

தீபாவளி மலரில் வந்த உன் இன்சுலின் கட்டுரையைப் பென்சிலும் கையுமாகப் படித்து முடித்தேன். அதனால் கடிதம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள். கணையம் எங்கே இருக்கிறது, நீரிழிவு எத்தனை வகை என்ற பாடமெல்லாம் நமக்குள் எதற்கு? நேராக எனக்கு எரிச்சல் வந்த இடத்துக்கே வருகிறேன்.

தொடக்கமே 1920 அக்டோபர் 31 இரவு. கனடாவில் லண்டன் என்ற ஊர். பிராக்டிஸ் சரியாக நடக்காத இளம் டாக்டர் பான்டிங் தூக்கம் பிடிக்காமல் புரள்கிறார், எழுந்து குறிப்பேட்டில் நாலு வரி கிறுக்குகிறார். ‘அந்த நொடியில் இன்சுலின் பிறந்தது’ என்று பத்தியை முடிக்கிறாய். பிறக்கவில்லையப்பா. அந்த நாலு வரியில் இருந்தது இதுதான்: நாயின் கணைய நாளத்தைக் கட்டிவிட வேண்டும், செரிமான நீர் சுரக்கும் பகுதி சுருங்கி அழியும்வரை காத்திருக்க வேண்டும், மிச்சம் இருப்பதிலிருந்து சாறு எடுக்க வேண்டும். நீரிழிவின் பெயரையே எழுத்துப் பிழையோடுதான் அதில் எழுதியிருந்தார். அந்தச் சுவையான விவரத்தை ஏன் விட்டாய் என்று தெரியவில்லை. பெரிய வேடிக்கை அதற்குப் பிறகு. 1921 டிசம்பருக்குள் நாளத்தைக் கட்டும் வேலையே தேவையில்லை என்று ஆகிவிட்டது. கசாப்புக் கூடத்திலிருந்து வந்த மாட்டுக் கணையத்தை அப்படியே ஆல்கஹாலில் ஊறவைத்தாலே சாறு கிடைத்தது. நீ மணிமகுடம் சூட்டிய யோசனையை டொராண்டோ பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்திலேயே ஓரமாக எடுத்து வைத்துவிட்டார்கள்.

அடுத்தது, 1922 ஜனவரி 11. டொராண்டோ பொது மருத்துவமனை. லெனர்ட் தாம்ப்சன், பதினாலு வயது, எடை 65 பவுண்டு, அதாவது முப்பது கிலோகூட இல்லை. பான்டிங்கும் அவருடைய உதவியாளர் பெஸ்டும் தயாரித்த, பழுப்பாகக் கலங்கிய சாற்றைப் பையனுக்குப் போடுகிறார்கள். இதற்கு அரைப் பக்கம் கொடுத்திருக்கிறாய், பரவாயில்லை, நன்றாகவே இருக்கிறது. ஆனால் அந்த ஊசி தோற்றுப்போன ஊசி. சர்க்கரை கொஞ்சம் இறங்கியது, கீட்டோன் போகவில்லை, குத்திய இடத்தில் சீழ்க்கட்டி வந்தது. நிறுத்திவிட்டார்கள். பன்னிரண்டு நாள் கழித்து, ஜனவரி 23 அன்று மறுபடி போட்டார்கள். இந்த முறை 520இல் இருந்த ரத்தச் சர்க்கரை 120க்கு வந்தது, கீட்டோன் மறைந்தது. பையன் எழுந்து உட்கார்ந்தான், அதற்குப் பிறகு பதின்மூன்று வருஷம் வாழ்ந்தான்.

இதற்கு உன் கட்டுரையில் என்ன இருக்கிறது? ‘சில நாட்களில் மேம்படுத்தப்பட்ட மருந்து செலுத்தப்பட்டது.’ அவ்வளவுதான். யார் மேம்படுத்தினார்கள்? ஒரு முழு மனிதனைச் செயப்பாட்டு வினைக்குள் போட்டுப் புதைத்துவிட்டாய்!

ஜேம்ஸ் காலிப் என்று ஒருவர். ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்து உயிர்வேதியியல்காரர், விடுப்பில் டொராண்டோ வந்திருந்தார். கலங்கல் சாற்றில் ஆல்கஹாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போனார். ஒரு கட்டம்வரை வேண்டாத புரதங்கள் அடியில் படியும், இன்சுலின் கரைசலிலேயே நிற்கும். தொண்ணூறு சதவீதத்தைத் தாண்டிய ஓரிடத்தில் இன்சுலினும் தூளாக விழுந்துவிடும். அந்த இடத்தைக் கண்டுபிடித்ததுதான் அந்தப் பன்னிரண்டு நாளின் கதை. தூள் சரியானதா என்று பார்க்க முயலைப் பயன்படுத்தினார்கள். ஊசி போட்ட முயலுக்குச் சர்க்கரை இறங்கும், ரொம்ப இறங்கினால் வலிப்பு வரும், குளுக்கோஸ் கொடுத்தால் எழுந்து உட்காரும். ஆரம்பத்தில் ஒரு யூனிட் என்பதே முயல் கணக்குதான். இருபத்து நாலு மணி நேரம் பட்டினி கிடந்த இரண்டு கிலோ முயலின் சர்க்கரையை 45க்கு இறக்குகிற அளவு. பிறகு அதை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தார்கள்.

முயலை நீ விட்டதற்காக உன்மேல் எனக்குத் தனிக் கோபம். மாயவரத்தில் என் அத்தை சர்க்கரைக்காரி. தினம் காலையில் சின்னக் கிண்ணியில் கண்ணாடி சிரிஞ்சு கொதிக்கும், அது அடங்கும்வரை அடுப்பங்கரையில் யாரும் பேசக் கூடாது. ஃபிரிட்ஜ் இல்லாத வீடு. மருந்துக் குப்பியைப் பிளாஸ்டிக் காகிதத்தில் சுற்றி, கயிறு கட்டி, தண்ணீர்ப் பானைக்குள் தொங்கவிட்டிருப்பார்கள். ஒரு மில்லிக்கு 40 யூனிட் என்று குப்பியில் போட்டிருக்கும். யூனிட் என்றால் என்ன என்று மாமாவைக் கேட்டேன். ஹைஸ்கூல் வாத்தியார், அவருக்கே தெரியவில்லை. அந்த நாளில் இன்சுலின் மாட்டுக் கணையத்திலிருந்தும் பன்றிக் கணையத்திலிருந்தும்தான் வரும். அத்தை வெங்காயம்கூடத் தொடாத ஆள். மாமாவும் டாக்டரும் கூட்டுச் சேர்ந்து கடைசிவரை அவளிடம் மூச்சு விடவில்லை. மாட்டையும் தெரியாமல், முயலையும் தெரியாமல் அவள் பாட்டுக்குத் தொடையில் குத்திக்கொண்டு, நாற்பது பேர் சாப்பிடும் கல்யாணச் சமையலை மேய்த்தாள்.

எங்கோ போய்விட்டேன். ஆய்வு என்று யார் எதைச் சொன்னாலும் என் வாயில் முதலில் வருகிற கேள்வி, ‘இரண்டாம் தடவை செய்தீர்களா?’ பத்திரிகை அலுவலகத்தில் இதற்காகவே எனக்குப் பட்டப்பெயர் உண்டு, அதை இங்கே எழுத மாட்டேன். ஒரு தடவை பலித்தது செய்தி. இன்னொருவர் கையால், இன்னொரு சட்டியில், அதே மாதிரி பலித்தால்தான் மருந்து. காலிப்புக்கே அந்தக் கதி நேர்ந்தது. பெரிய அளவில் தயாரிக்கப் போனபோது கைப்பக்குவம் தவறிவிட்டது. 1922 வசந்தத்தில் டொராண்டோவில் இன்சுலின் பஞ்சம், நோயாளிகள் காத்துக் கிடந்தார்கள். மே மாதவாக்கில்தான் வழி மறுபடி பிடிபட்டது. கண்டுபிடித்தவரே தன் கண்டுபிடிப்பைத் தொலைத்துவிட்டுத் தேடிய அந்த மாதங்களை விட்டுவிட்டு, நடுராத்திரியை எழுதப் போனாயே!

நம் ஊரிலேயே பார். 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மையத்தில், சானட்டோரியத்தில் படுத்திருந்தவர்களையும் வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்டவர்களையும் ஒப்பிட்டார்கள். நெரிசலான குடிசையில் அரை வயிற்றோடு இருந்தவர்களும் ஏறக்குறைய அதே மாதிரி தேறினார்கள். உலகமே சானட்டோரியத்தைக் கைவிட அது ஒரு முக்கியக் காரணம். அதில் ஒரு நடுராத்திரியும் கிடையாது. மையத்து ஆட்கள் சொல்லாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். எனக்கு இலக்கியம் அதுதான்.

காப்புரிமை விஷயம் ஒன்று, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ‘இருவரும் ஒரு டாலருக்கு உலகத்துக்குத் தானம் செய்தார்கள்’ என்கிறாய். இருவர் அல்ல, மூவர்: பான்டிங், பெஸ்ட், காலிப். வாங்கியது டொராண்டோ பல்கலைக்கழகம். வேறு எவனாவது காப்புரிமை எடுத்து வாசலை அடைத்துவிடக் கூடாது, கண்டவன் கண்டபடி காய்ச்சி விற்கக் கூடாது என்ற முன்யோசனை அதில் இருந்தது. தானம் என்று கண்ணீர் விட்டால் அந்தச் சாமர்த்தியம் தெரியாமல் போகிறது. இவர்கள் ஒன்றும் முனிவர்களும் இல்லை. தூய்மைப்படுத்தும் முறையைச் சொல்ல மாட்டேன் என்று காலிப் முறுக்கியபோது பான்டிங் அவர் சட்டையைப் பிடித்திருக்கிறார், பான்டிங்கே பின்னாளில் எழுதி வைத்திருக்கிறார். 1923 நோபல் பரிசு பான்டிங்குக்கும், அந்த ஆய்வுக்கூடத்தின் தலைவர் மக்லவுடுக்கும் போனது. பான்டிங் பெஸ்டுக்குப் பாதிப் பணம் கொடுத்தார், மக்லவுட் காலிப்புக்குக் கொடுத்தார். அந்தப் பங்கீட்டிலேயே எத்தனை பகை இருக்கிறது பார்.

இவ்வளவு திட்டிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எலிசபெத் ஹியூஸ் பத்தி. 1922 ஆகஸ்டில் டொராண்டோ வந்த பெண், பதினைந்து வயதை ஒட்டியவள், எடை 45 பவுண்டு. மூன்று வருஷமாகப் பட்டினி வைத்தியத்தில் கிடந்தவள், முதல் ரொட்டித் துண்டைச் சாப்பிடுகிறாள். அங்கே நீ ஒரு உவமைகூடப் போடவில்லை. அவள் என்ன சாப்பிட்டாள், அம்மாவுக்கு என்ன எழுதினாள் என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டாய். அந்தப் பத்தியை வீட்டில் உரக்கப் படித்துக் காட்டினேன். உன் வயதில் எனக்கு அப்படி ஒன்று வாய்த்திருந்தால் ஒரு வாரம் தெருவில் தலைகால் தெரியாமல் திரிந்திருப்பேன். நம் தமிழில் மருத்துவம் எழுதுகிற யாருக்கும் சமீபத்தில் அது கைகூடவில்லை, எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அதே கையால் காலிப்பை எழுது. இன்சுலினோடு அவர் நிற்கவில்லை, ஆல்பர்ட்டாவுக்குத் திரும்பி 1925இல் பாராதைராய்டு சாற்றையும் பிரித்தெடுத்தார். ஆயிரம் சொல் போதும். எழுதினால் அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் எனக்கு அனுப்பு. முயல் வரும் பகுதியை மட்டும் பார்த்துவிட்டு, மறு தபாலில் திருப்பிவிடுகிறேன்.

அன்புடன்,
உன் அண்ணன்