சறுக்குத் தளத்தில் ஒரு வகுப்பு: கோவைக் கல்விச் சுற்றுலா

கோயம்புத்தூருக்குச் சுற்றுலா என்று வகுப்பில் சொன்னால், பிள்ளைகள் வாயில் முதலில் வருவது தீம் பார்க்கின் பெயர்தான். ஆசிரியர் அறையில் அதே பேச்சை எடுத்தால், "அங்கே போய் என்ன படிக்கப் போறாங்க? அருங்காட்சியகம் போதும்" என்பார்கள். இரண்டையும் ஒரே நாளில், ஒரே பாடமாக நடத்த முடியும். தாராபுரம் பக்கத்திலுள்ள எங்கள் அரசு உயர்நிலைப் பள்ளியின் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் 38 பேரோடு அப்படி நடத்திய அனுபவத்தை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

முதல் பாடம்: செலவுக் கணக்கு

பேருந்து வாடகை, நுழைவுக் கட்டணம், சாப்பாடு ஆகியவற்றைக் கரும்பலகையில் எழுதி, தலைக்கு எவ்வளவு என்று பிள்ளைகளையே கணக்கிடச் சொன்னேன். பூங்காவின் கட்டணம்தான் பெரிய தொகை. மறுநாள் ஐந்து பேர் பெயர் கொடுக்கவில்லை. "எனக்குத் தண்ணின்னா பயமுங்க டீச்சர்" என்றாள் ஒரு மாணவி. வாய்க்காலில் நீந்திப் பழகிய பிள்ளை அவள். அம்மா தறிக்குப் போகிறார். பயம் தண்ணீரைப் பற்றியது அல்ல.

போனால் எல்லாரும் போவது, இல்லாவிட்டால் பூங்காவை விட்டுவிடுவது என்று வகுப்பே முடிவு செய்தது. மதிய உணவை வீட்டிலிருந்தே கட்டி வருவதாகச் சொன்னார்கள், செலவு குறைந்தது. பூங்காவில் பள்ளிக் குழுவுக்குச் சலுகை கேட்டுப் பெற்றோம். மீதியைப் பள்ளி மேலாண்மைக் குழுவும் முன்னாள் மாணவர்களும் ஏற்றார்கள். யாருக்காகப் பணம் வந்தது என்பது தலைமை ஆசிரியருக்கும் எனக்கும் மட்டுமே தெரியும்.

ஏறாமல் உயரம், வெட்டாமல் வயது

உரிய அனுமதியும் பெற்றோர் ஒப்புதலும் பெற்று, விடியற்காலையில் புறப்பட்டோம். முதலில் கோவை ஆர்.எஸ்.புரம் பகுதியிலுள்ள காஸ் வன அருங்காட்சியகம். வனத்துறை அதிகாரி எச்.ஏ.காஸ் முயற்சியால் 1902இல் தொடங்கப்பட்டது. அங்கே மரங்களின் குறுக்குவெட்டுத் துண்டுகளைப் பார்த்து, வளையங்களை எண்ணி மரத்தின் வயதை அறிவதைப் பேசினோம். "நேரில் அளக்க முடியாததை, அளக்க முடிந்த வேறொன்றின் மூலம் அறிவது." அன்றைய நாளின் பாடம் இந்த ஒரு வரிதான். எல்லாரும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள்.

அடுத்து, மேட்டுப்பாளையத்தை அடுத்து ஊட்டி சாலையில் மலையடிவாரத்தில் இருக்கும் பிளாக் தண்டர். தண்ணீரில் இறங்கும் முன் அரைமணி நேரம் வேலை. கோணமானியில் நூலும் சிறு கல்லும் கட்டிய கருவியைப் பள்ளியிலேயே செய்து வந்திருந்தோம். சறுக்கின் உச்சியைப் பார்த்தபடி, கோணம் 45° ஆகும்வரை பின்னால் நகர வேண்டும். tan 45° = 1 என்பதால், அந்த இடத்துக்கும் உச்சிக்கு நேர்கீழே உள்ள அடிப்பகுதிக்கும் இடைப்பட்ட தூரத்தோடு கண்ணின் உயரத்தைக் கூட்டினால் சறுக்கின் உயரம். ஒரு குழுவுக்கு 8.6 மீட்டரும் 1.4 மீட்டரும் சேர்ந்து 10 மீட்டர் வந்தது.

வேகம் எங்கே போனது?

v² = u² + 2as சமன்பாட்டைப் பிள்ளைகள் ஏற்கெனவே படித்திருந்தார்கள். உராய்வே இல்லையென்றால், 10 மீட்டர் உயரத்திலிருந்து இறங்குபவரின் இறுதி வேகம் 2 × 9.8 × 10 = 196இன் வர்க்கமூலம்; அதாவது நொடிக்கு 14 மீட்டர், மணிக்கு ஏறத்தாழ 50 கி.மீ. சரிவு சீராக இருந்தால் சராசரி வேகம் அதில் பாதி, 7 மீட்டர். சறுக்கின் நீளம் சுமார் 40 மீட்டர் என்று மதிப்பிட்டோம். ஆறு நொடிக்குள் இறங்கிவிட வேண்டும். நேரங்காட்டி எட்டு நொடி காட்டியது.

"மீதி வேகம் எங்கீங்க டீச்சர் போச்சு?" என்று ஒருவன் கேட்டான். உராய்வு, வளைவுகள், காற்றின் தடை என்று அவர்களே பதில் தேடினார்கள். உராய்வைப் பல முறை கரும்பலகையில் விளக்கியிருக்கிறேன். இந்தக் கேள்வி வகுப்பறையில் வந்ததே இல்லை.

"குண்டா இருக்கறவன்தான் வேகமா வருவான்" என்ற பந்தயமும் நடந்தது. சமன்பாட்டில் நிறையே இல்லை. அளந்த நேரங்களில் வேறுபாடு மிகக் குறைவு. ஆனால் முழுக்க ஒன்றாகவும் இல்லை. உராய்வு எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்குமா என்ற கேள்வியோடு அதை விட்டுவைத்தோம்.

மலை ரயில்

திரும்பும் வழியில் மேட்டுப்பாளையம் ரயில் நிலையம். நீலகிரி மலை ரயில் 1899இல் குன்னூர் வரையும் 1908இல் ஊட்டி வரையும் ஓடத் தொடங்கியது. 2005இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமானது. மிகச் செங்குத்தான இடத்தில், 12 மீட்டர் சென்றால் 1 மீட்டர் ஏறும். நம் சறுக்கு 40 மீட்டருக்கு 10 மீட்டர், அதாவது 4க்கு 1. "அப்ப நம்ம சறுக்குதானுங்க செங்குத்து!" என்று மகிழ்ந்தார்கள். அவ்வளவு குறைந்த சரிவுக்கே, கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே பல் தண்டவாளம் தேவைப்படுகிறது. இறங்குவதற்குத் தடையாகத் தோன்றிய உராய்வு, ஏறும்போது போதாமல் போவதை அங்கே உணர்ந்தார்கள்.

உடன் பணியாற்றுவோருக்குச் சில குறிப்புகள்

1. அளவீட்டு வேலையைத் தண்ணீரில் இறங்கும் முன்பே முடியுங்கள். இறங்கிய பிறகு யாரும் குறிப்பேட்டைத் தொடமாட்டார்கள்!

2. நேரம் பார்ப்பவர், குறிப்பவர் என்ற பொறுப்புகளை முன்பே வையுங்கள். மாதவிடாய் நாளில் இருக்கும் மாணவியும், உண்மையிலேயே தண்ணீருக்கு அஞ்சுபவரும் காரணம் சொல்லாமலேயே அதை ஏற்கலாம். ஒதுங்கி உட்கார வேண்டியதில்லை.

3. மாணவிகளோடு குறைந்தது இரண்டு ஆசிரியைகள், முதலுதவிப் பெட்டி, பத்து பேருக்கு ஒரு பொறுப்பாளர் கட்டாயம்.

4. பெயர் கொடுக்காத பிள்ளையிடம் வகுப்பில் வைத்துக் காரணம் கேட்காதீர்கள்.

5. மறுநாளே குழுக்களின் அளவுகளை ஒப்பிடுங்கள். எங்கள் குழுக்களுக்கு உயரம் 9.2 முதல் 10.5 மீட்டர் வரை வந்தது. அளவீட்டுப் பிழை பற்றிய பாடத்துக்கு இதைவிட நல்ல தொடக்கம் வேண்டியதில்லை.

தொலைவு செல்ல முடியாத பள்ளிகள் ஊர்ப் பூங்காவின் சறுக்குப் பலகையிலும் ஊஞ்சலிலும் இதே பாடத்தை நடத்தலாம். கோணமானி, நூல், கல், நேரங்காட்டி இருந்தால் போதும்.