கடதாசிக் கிண்ணம் செய்வோம்

செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்கள் 2009 முதல் 2012 வரை இருந்தன. அங்கு வளர்ந்த சிறு பிள்ளைகள் வயல் விதைப்பைக் காணவில்லை. இடம்பெயர்ந்த வீட்டிலும் விதையைப் பழக்க ஒரு கொப்பித்தாள் போதும். யப்பானியர் இம்மடிப்புக் கலையை ஒரிகாமி என்பர். பசை, கத்தரிக்கோல் வேண்டாம்.

1. சதுரத்தாளை மூலைக்கு மூலை மடித்து முக்கோணமாக்குவோம். மடிப்பு கீழே இருக்கட்டும்.

2. வலது மூலையை இடது ஓரத்தின் நடுவுக்குச் சற்று மேலே படும்படி மடிப்போம். இடது மூலையையும் அவ்வாறே வலப்பக்கம் மடிப்போம்.

3. உச்சியிலுள்ள இரு தாள்களில் ஒன்றை முன்னும் மற்றதைப் பின்னும் மடித்து, வாயை விரிப்போம்.

கிண்ணத்தில் பயறு எடுத்து, மண் நிரப்பிய பால்மா ரின்னில் ஊன்றப் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொடுப்போம். காணிக்குத் திரும்பும்போது தொழிலும் கையிலிருக்க வேண்டுமல்லவா?