சோற்றுத் தட்டில் புரதமும் கொழுப்பும்

சரக்கைத் தராசில் நிறுத்துக் கொடுப்பவர்கள் நாம். வரவையும் செலவையும் அன்றன்றே பேரேட்டில் பதிந்து வைக்கிறோம். ஆனால் நம் வயிற்றுக்குள் போகும் சரக்குக்குக் கணக்குப் பார்ப்பவர் நம்மில் எத்தனை பேர்?

மலேசியாவில் 2023ஆம் ஆண்டு எடுத்த தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பின்படி, பெரியவர்களில் மூவருக்கு ஒருவர் இரத்தத்தில் கொழுப்பு மிகுந்தவராக இருக்கிறார். ஏறக்குறைய அறுவருக்கு ஒருவருக்கு நீரிழிவு இருக்கிறது. நாள் முழுவதும் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நமக்கு இந்த ஆபத்து தூரத்தில் இல்லை. முதலாளி படுத்தால் கடையும் படுத்துவிடும். அவரை நம்பியிருக்கும் குடும்பமும் தவிக்கும். ஆகையால் இவ்விஷயத்தைச் சற்று விளங்கிக்கொள்வது அவசியம்.

புரதம் என்பது சதையைக் கட்டிக் காக்கும் சத்து. கொழுப்பு உடம்புக்கு எரிபொருள்; சில வைட்டமின்கள் உடம்பில் சேர்வதற்கும் அது வேண்டும். இரண்டில் எதையும் அடியோடு தள்ள முடியாது. ஆனால் 1 கிராம் புரதத்தில் 4 கலோரிதான். 1 கிராம் கொழுப்பிலோ 9 கலோரி. அளவு தப்பினால் கொழுப்புக் கணக்குத்தான் சீக்கிரம் ஏறும்.

ஒருவருடைய எடையில் கிலோவுக்கு சுமார் 0.8 கிராம் புரதம் தினமும் தேவை. 60 கிலோ எடையுள்ளவருக்கு ஏறக்குறைய 50 கிராம். ஒரு முட்டையில் 6 கிராமும், 100 கிராம் மீனில் சுமார் 20 கிராமும், கெட்டியாக வெந்த பருப்பு ஒரு கிண்ணத்தில் சுமார் 15 கிராமும் உண்டு. மீதி சோறு, ரொட்டி, பால் இவற்றில் வந்து சேரும். இவையெல்லாம் ஆட்டுக்கறியைப் போல் விலை கூடியவையும் அல்ல.

நாம் சாப்பிடும் முறை என்ன? காலையில் இரண்டு ரொட்டி சானாய். பகலில் குவித்த சோற்றின் மேல் நாலு வகை ஆணம், ஓரத்தில் ஒரு துண்டுக் கறி. கறி தின்றோம், சத்துக் கிடைத்தது என்று எண்ணிக்கொள்கிறோம். அந்த ஒரு துண்டின் புரதத்தோடு தேங்காய்ப்பாலும், மிதக்கும் எண்ணெயும், ஆட்டுக் கொழுப்பும் கேளாமலே உள்ளே வந்துவிடுகின்றன.

கொழுப்பிலும் தரம் உண்டு. நெய், தேங்காய்ப்பால், ஆட்டுக் கொழுப்பு ஆகியவற்றில் மிகுந்திருப்பது நிறைவுற்ற கொழுப்பு. அது இரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ராலைக் கூட்டும். செம்பனை எண்ணெயிலும் ஏறக்குறையப் பாதி அவ்வகைதான். நல்லெண்ணெய், கடலை எண்ணெய், ஜைத்தூன் எண்ணெய், நிலக்கடலை, மீன் ஆகியவற்றில் நல்ல வகையே மிகுதி. ஒரு நாளின் கலோரி 100 என்றால், கொழுப்பிலிருந்து வருவது 30-க்கு மேற்படக்கூடாது. அதிலும் நிறைவுற்ற கொழுப்பு 10-ஐத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை.

இதற்குச் சமையலைத் தலைகீழாக மாற்ற வேண்டியதில்லை. காலையில் ரொட்டி சானாய் ஒன்றோடு நிறுத்தி, அவித்த முட்டையும் பருப்பாணமும் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு நாள் தேங்காய்ப்பால் ஆணம் என்றால் மறுநாள் புளியாணம் வைக்கலாம். கானாங்கெளுத்தி, சாளை போன்ற மீன்களில் புரதமும் நல்ல கொழுப்பும் ஒருங்கே இருக்கின்றன; பொரிப்பதைவிட ஆணத்தில் போடுவது மேல். தாவும் தெம்பேயும் நமக்கும் உகந்தவையே. தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கறியோ பருப்போ, பாதி காய்கனிகள் என்று சுகாதார அமைச்சு சொல்லும் முறை நினைவில் நிற்கச் சுலபமானது. நெய்ச்சோறும் பிரியாணியும் விருந்து நாளுக்கு இருக்கட்டும்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் புரதத்தின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கடைசியாக ஒன்று. நம் கடைகளில் வேலை செய்யும் தம்பிமார்கள் நாம் போடும் சாப்பாட்டைத்தான் சாப்பிடுகிறார்கள். அவர்கள் தட்டில் ஆணத்தை மட்டும் தாராளமாக ஊற்றி, மீனையும் பருப்பையும் சுருக்கிவிடுவது சிக்கனமாகாது. நம் தட்டுக்குப் பார்க்கும் கணக்கை அவர்கள் தட்டுக்கும் சேர்த்தே பார்ப்போமாக.