இரும்பை நிறுக்க வேண்டாம், நம்பரைப் படியுங்கள்

பாசிக்குடா ஹோட்டலில் ஃப்ரண்ட் ஒஃபிஸில் இருப்பவருக்கு வெளிநாட்டுக்காரரின் ஈமெயிலுக்குப் பதில் எழுதத் தெரியும். வாழைச்சேனை, ஓட்டமாவடி கராஜில் நிற்பவருக்கு கியர்பொக்ஸைத் திறக்காமலே கோளாறைச் சொல்லத் தெரியும். இந்த இரண்டு திறமையும் ஒரே ஆளிடம் சேர்வது அபூர்வம். உங்களிடம் சேர்ந்திருந்தால், பழைய இராணுவ வாகனப் பாகங்களை வெளிநாட்டுக்கு விற்கும் தொழிலை யோசித்துப் பாருங்கள்.

சரக்கு இங்கே உண்டு. 1944இல் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியத் தலைமையகம் பேராதனைக்கு வந்தது. திருகோணமலை நேச நாடுகளின் கடற்படைத் தளமாக இருந்தது. அந்தக் காலத்து வில்லிஸ் ஜீப்புகளில் சில இன்றும் நம் வீதிகளில் ஓடுகின்றன. பிறகு லாண்ட் ரோவரும் பெட்ஃபோர்ட் லொறியும் வந்தன. ஓடித் தேய்ந்த வாகனங்களை இராணுவம் கழித்து டெண்டரிலும் ஏலத்திலும் விற்கிறது. வெளியே பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் பழைய ஜீப்பைப் பிரித்துப் புதுப்பிக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் தேடுவது தங்கள் வாகனத்துக்குச் சரியாகப் பொருந்தும் அந்த ஒரு பாகம். கிலோக் கணக்கில் விற்றால் நீங்கள் பழைய இரும்பு வியாபாரி. நம்பர் கணக்கில் விற்றால் எக்ஸ்போர்ட்டர்.

1. தொடக்கூடாததை முதலில் பிரியுங்கள்

சுங்கத்தின் பார்வையில் சாதாரண ஜீப், லொறியின் பாகம் பெரும்பாலும் 8708 என்ற எச்.எஸ். தலைப்பில் வரும். கவச வாகனமும் அதன் பாகமும் 8710. உங்கள் கடை சாதாரண வாகனப் பாகத்துக்குள்ளேயே இருக்கட்டும். பஃபல், யூனிகோர்ன் போன்ற கவச வாகனப் பாகம், துப்பாக்கி பொருத்தும் மவுண்ட், இராணுவ ரேடியோ, இரவுப் பார்வைக் கருவி எதுவும் வேண்டாம். அவை பாதுகாப்பு அமைச்சின் எல்லைக்குள் போகும் விஷயங்கள். அமெரிக்க அரசு இன்னொரு நாட்டுக்குக் கொடுத்த இராணுவப் பொருளை மூன்றாம் நாட்டுக்கு மாற்றவும் அமெரிக்காவின் சம்மதம் வேண்டும். சந்தேகம் வந்தால் ஏற்றுமதி செய்யும் முன்னே இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுத் திணைக்களத்திடம் எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சில் கிடைத்த "சரி" துறைமுகத்தில் செல்லாது.

போர் நடந்த காட்டில் பொறுக்கிய இரும்பையும் வாங்க வேண்டாம். மட்டக்களப்பு 2017இல் கண்ணிவெடியற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது உண்மைதான். வாகனத்தில் வந்து இறங்கும் சாக்குக்குள் என்ன இருக்கிறது என்பதற்கு அந்த அறிவிப்பு உத்தரவாதம் தராது.

2. ரசீது இல்லாத சரக்கு வேண்டாம்

"முகாமில் தெரிந்த ஆள் இருக்கிறார், பாதி விலைக்குத் தருவார்" என்று ஒருவர் வருவார். கட்டாயம் வருவார். 1982ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பொதுச் சொத்துச் சட்டத்தில் மாட்டினால் பிணை எடுப்பதே பெரும்பாடு. டெண்டர் கடிதம், பணம் கட்டிய ரசீது, கேட் பாஸ் மூன்றையும் ஸ்கேன் செய்து வையுங்கள். இந்தக் காகிதம் உங்களைக் காப்பாற்றும், விலையையும் கூட்டும். எங்கிருந்து வந்த பாகம் என்று காட்ட முடிந்தவரிடம் வெளிநாட்டு பையர் கூடுதல் பணம் கொடுப்பார்.

3. ஒரே வாகனத்தில் கெட்டிக்காரர் ஆகுங்கள்

எல்லாம் விற்பவரிடம் யாரும் ஆலோசனை கேட்பதில்லை. லாண்ட் ரோவர் சீரிஸா, வில்லிஸா, பெட்ஃபோர்ட்டா, ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். லாண்ட் ரோவர் 1948இல் தொடங்கியது. பழைய டிஃபென்டரின் உற்பத்தி 2016 ஜனவரியில் நின்றது. கூட்டிப் பார்த்தால் பல தசாப்தத்துப் பாகங்கள். எது எந்த ஆண்டு வண்டிக்குப் பொருந்தும் என்று தலைகீழாகச் சொல்லத் தெரிய வேண்டும். ஒரு சின்ன உதாரணம்: ரேடியோ பொருத்துவதற்காகச் செய்த இராணுவ லாண்ட் ரோவரில் மின்சாரம் 24 வோல்ட், சாதாரண வண்டியில் 12. இதைக் கவனிக்காமல் ஜெனரேட்டரை அனுப்பினால் அது திரும்பி வரும். ஷிப்பிங் செலவு உங்கள் தலையில்.

4. நம்பர் வாசிக்கப் பழகுங்கள்

நேட்டோ ஸ்டொக் நம்பர் 13 இலக்கம் கொண்டது. முதல் நாலு பொருளின் வகை: 2520 என்றால் கியர் சார்ந்தது, 2530 என்றால் பிரேக், ஸ்டியரிங், அக்ஸில் சார்ந்தது. அடுத்த இரண்டு நாடு: 99 பிரித்தானியா, 00 அல்லது 01 அமெரிக்கா. மிச்ச ஏழும் அந்தப் பொருளுக்கே உரிய எண். இரண்டாம் உலகப் போர்க்காலப் பாகத்தில் இந்த நம்பரைத் தேடாதீர்கள். அது பிறகு வந்த முறை. அங்கே வேறு அடையாளம் பாருங்கள். ஃபோர்ட் செய்த ஜீப்பின் போல்ட்டிலும் பிராக்கெட்டிலும் 'எஃப்' எழுத்து பொறித்திருக்கும். அந்த எழுத்துக்காகவே தேடி வாங்கும் ஆட்கள் உண்டு. கம்பிப் பிரஷ்ஷால் அழுத்தித் தேய்த்து அதை அழித்துவிட்டால் உங்கள் லாபத்தையும் சேர்த்துத் தேய்க்கிறீர்கள்.

5. உண்மையைத் தரம் பிரித்து எழுதுங்கள்

நாலு தரம் போதும்: பெட்டி பிரியாத பழைய ஸ்டொக், ஓடும் வண்டியில் கழற்றியது, திருத்தினால் பாவிக்கலாம், பாகத்துக்கு மட்டும். ஒவ்வொரு பாகத்துக்கும் பகல் வெளிச்சத்தில் ஆறு ஃபோட்டோ எடுங்கள். நம்பர், தேய்மானம், வெடிப்பு தெளிவாகத் தெரிய வேண்டும். பக்கத்தில் ஒரு அடிமட்டம் வையுங்கள். குறையை நீங்களே வட்டம் போட்டுக் காட்டுங்கள். குறையைச் சொன்ன விற்பனையாளரை நம்பித்தான் பையர் இரண்டாவது ஓர்டர் போடுவார். இந்தத் தொழிலில் காசு இரண்டாவது ஓர்டரில்தான்.

6. பதில் வேகமாக, விலை நிதானமாக

விசாரணைக்கு அன்றைக்கே பதில் போடுங்கள். முதல் பதிலில் விலை வேண்டாம். வாகனத்தின் ஆண்டு, மொடல், சேசிஸ் நம்பர் கேளுங்கள். சும்மா விலை கேட்டுத் திரிபவர் அங்கேயே மறைவார். உண்மையான பையர் விவரம் அனுப்புவார். பிறகு விலையை டொலரில் சொல்லுங்கள். எஃப்.ஓ.பி. கொழும்பா (கப்பலில் ஏற்றும் வரையான விலை), சி.ஐ.எஃப்.ஆ (காப்புறுதியும் கப்பல் கூலியும் சேர்ந்த விலை) என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அதை எழுதாத விலை பின்னால் சண்டையில் முடியும்.

7. பொதி செய்வதில் கஞ்சம் வேண்டாம்

பழைய பிரேக் லைனிங், கிளட்ச் பிளேட், கேஸ்கெட் ஆகியவற்றில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். அவுஸ்திரேலியா 2003 கடைசியிலிருந்து அதை முற்றாகத் தடை செய்திருக்கிறது. அந்த ரகத்தை அங்கே அனுப்பவே வேண்டாம். மண் ஒட்டிய பாகமும் அங்கே உயிர்ப்பாதுகாப்புச் சோதனையில் நிற்கும். கழுவிக் காயவைத்து அனுப்புங்கள். எண்ணெயை முழுதாக வடியுங்கள். மரப்பெட்டியில், பூச்சி இல்லாதபடி மரத்தைப் பதப்படுத்தியதைக் காட்டும் ஐ.எஸ்.பி.எம். 15 முத்திரை இருக்க வேண்டும். பக்கத்து மர ஆலையில் அடித்த பெட்டி மலிவுதான். முத்திரை இல்லாவிட்டால் இறங்கும் துறைமுகத்தில் போய் நிற்கும்.

8. பணம் வந்த பின் கப்பல்

பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர்ப் பதிவு, இறைவரித் திணைக்களத்தில் டின் நம்பர், சுங்கத்தில் பதிவு ஆகியவற்றை முடித்துவிட்டுத்தான் விளம்பரம். சின்ன ஓர்டருக்கு முழுப் பணமும் வங்கி டெலிகிராஃபிக் டிரான்ஸ்ஃபராக முன்கூட்டியே. பெரிய ஓர்டருக்கு எல்.சி. என்ற வங்கிக் கடன் கடிதம். ஏற்றுமதிப் பணம் 180 நாளுக்குள் நாட்டுக்குள் வர வேண்டும் என்பது மத்திய வங்கி விதி. ஆகவே "பொருள் கிடைத்ததும் அனுப்புகிறேன்" என்ற பையரிடம் சிரித்தபடி இல்லை என்று சொல்லுங்கள். இன்வாய்ஸில் விலையைக் குறைத்துப் போடச் சொன்னாலும் அதே பதில்.

9. போட்டி யாரோடு?

கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைக்காரரிடம் உங்களைவிட முதலும் ஸ்டொக்கும் அதிகம். விலையில் அவரோடு மோதாதீர்கள், அவரிடமே ரசீதோடு வாங்குங்கள். அவர் "பழைய பெட்டி" என்று மூலையில் போட்டதில் நம்பர் வாசிக்கத் தெரிந்தவருக்கு லாபம் இருக்கும். பாகம் எந்த வண்டியிலிருந்து வந்தது என்று பையருக்குக் காட்டுங்கள், ஆனால் எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று அவருக்கும், யாருக்கு விற்றீர்கள் என்று கடைக்காரருக்கும் சொல்ல வேண்டாம். இலண்டனில் மச்சான் இருந்தால் அங்கே பொருளைச் சரிபார்த்துக் கொடுக்கும் ஆளாக வையுங்கள். கமிஷனை எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள். உறவுக்கும் அதுதான் நல்லது.

உள்ளூர் சந்தையையும் மறக்காதீர்கள். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய வண்டிக்கும் பாகத்துக்கும் இங்கேயே கிராக்கி ஏறியது. 2025இல் கதவு மறுபடி திறந்தது. இப்படி விலை ஏறி இறங்கும்போது, கொழும்பு விலையையும் வெளிநாட்டு விலையையும் ஒரே தாளில் எழுதி ஒப்பிடுபவரே தப்புவார். செலவு கழித்து இங்கே கூடுதலாகக் கிடைத்தால் இங்கேயே விற்றுவிடுங்கள்.

ஹோட்டல் வேலையை இப்போதே விட வேண்டாம். முதல் மாதம் ஒரு வாகனம், இருபது பாகம், இருபது நம்பர் என்று ஒரு பட்டியல் மட்டும் செய்யுங்கள். இரண்டாம் மாதம் ஏற்றுமதி அபிவிருத்திச் சபையிடம் போய் வழிகாட்டல் கேளுங்கள். ஒரு கிளியரிங் ஏஜென்டிடம் கட்டண விவரம் எழுதி வாங்குங்கள். மூன்றாம் மாதம் கையில் தூக்கக்கூடிய ஒரே ஒரு பாகத்தை விற்று கூரியரில் அனுப்பிப் பாருங்கள். அதில் லாபம் வராவிட்டால் கொண்டெய்னரிலும் வராது.