டிரிப் ஆகும் சுவிட்சைத் திட்டாதீங்க!



மழைக்காலம் வந்தால் திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் குழுக் கூட்டங்களில் இந்தப் பேச்சும் வந்துவிடும்: "அக்கா, எங்க வீட்டுல கரண்ட் அடிக்கடி டிரிப் ஆகுது."

நம் உறுப்பினர் ஒருவர் குழுக் கடனில் கிரைண்டர் வாங்கி மாவு வியாபாரம் செய்கிறார். ஒரே காலையில் நாலு தடவை டிரிப் ஆனது. வந்த வயர்மேன், "அந்த சுவிட்சைக் கழட்டிட்டு டைரக்டா குடுத்துடலாம்" என்றாராம். நல்ல வேளை, அந்த அக்கா கூட்டத்தில் கேட்டார்.

மெயின் பக்கத்தில் 'டெஸ்ட்' என்று சின்ன பட்டன் உள்ள சுவிட்ச்தான் ஆர்.சி.சி.பி. வீட்டுக்குள் போகும் கரண்டும் திரும்பி வரும் கரண்டும் சமமாக இருக்கணும். நடுவில் 30 மில்லி ஆம்பியர் கசிந்தால், அது ஈரச் சுவர் வழியாகப் போனாலும் சரி, நம் உடம்பு வழியாகப் போனாலும் சரி, கண் இமைக்கும் நேரத்தில் நிறுத்திவிடும்.

நம் பகுதியில் உப்புக்காற்று அதிகம். உப்பும் ஈரமும் சுவிட்ச் பெட்டிக்குள் படிந்தால் கரண்ட் கசியும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் நனைந்த பிளக் பாயிண்ட்டை இன்னும் மாற்றாதவர்கள் உடனே மாற்றுங்கள்.

கசிவு எங்கே என்று கண்டுபிடிப்பது எப்படி? கை காய்ந்திருக்கணும், காலில் செருப்பு இருக்கணும்.

1. எல்லா பிளக்கையும் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. நியூட்ரல் வயர் வழியாகவும் கசியும்.

2. ஆர்.சி.சி.பி.யை ஆன் செய்யுங்கள். நிற்கிறதா? லைட், ஃபேனை ஒவ்வொன்றாகப் போடுங்கள். பிறகு பிளக்குகளை ஒவ்வொன்றாகச் செருகுங்கள். எதைப் போட்டதும் விழுகிறதோ, அதில்தான் கோளாறு.

3. எல்லாம் பிடுங்கியும் நிற்கவில்லையா? ஒயரிங்கில் கோளாறு. பக்கத்து வீட்டு நியூட்ரலோடு நம் நியூட்ரல் கலந்திருந்தாலும் இப்படி விழும். லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

அந்த அக்கா வீட்டில் கிரைண்டரைப் பிடுங்கியதும் சுவிட்ச் நின்றது. மோட்டாருக்குள் மாவுத் தண்ணீர் இறங்கியிருந்தது. டைரக்டா கொடுத்திருந்தால், ஈரக் கையோடு அதைத்தான் தொட்டிருப்பார்.

மாதம் ஒருமுறை டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். சுவிட்ச் விழணும். விழாவிட்டால் அது வேலை செய்யவில்லை, மாற்றுங்கள்.

அடுத்த கூட்டத்தில் கேளுங்கள்: நம்மில் எத்தனை பேர் வீட்டில் இந்த சுவிட்ச் இருக்கிறது? எத்தனை வீட்டில் டைரக்டா ஓடுகிறது?