கூரையில் விளையும் மின்சாரம்

குஜராத் மாநிலத்தின் மேசானா மாவட்டத்தில், புஷ்பாவதி ஆற்றங்கரையில் மோதேரா என்னும் சிற்றூர் உள்ளது. 11ஆம் நூற்றாண்டில், சோலங்கி மரபைச் சேர்ந்த முதலாம் பீமதேவன் காலத்தில், அங்குக் கதிரவனுக்கு ஒரு கோயில் எழுப்பப்பட்டது. கதிரவன் கோயிலால் பெயர்பெற்ற அவ்வூர், 2022 அக்டோபர் மாதத்தில் மீண்டும் கதிரவனாலேயே நாடெங்கும் அறியப்பட்டது. இரவும் பகலும் சூரிய மின்சாரத்தால் இயங்கும் இந்தியாவின் முதற் சிற்றூர் என அஃது அறிவிக்கப்பட்டது. அங்கு 1,300க்கும் மேற்பட்ட வீடுகளின் கூரைகளில் சூரியத் தகடுகள் பொருத்தப்பட்டன. அருகிலுள்ள சுஜ்ஜன்புராவில் பெரிய மின்னிலையமும், இரவுக்கு வேண்டிய மின்சாரத்தைச் சேமிக்கும் மின்கலத் தொகுதியும் அமைந்தன.

மோதேராவின் வீடுகள் பல ஆண்டுகளுக்கு முன்பே கட்டப்பட்டவை. ஆகவே, கூரை இருந்த நிலைக்கு ஏற்பத் தகடுகளை வைக்க நேர்ந்தது. புதிதாக வீடு கட்டுவோருக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. வரைபடம் தீட்டும்போதே கதிரவனின் பாதையை எண்ணிப் பார்க்க அவர்களுக்கு வாய்ப்பு உண்டு. ஆயினும், பலர் அவ்வாறு எண்ணுவதில்லை.

சூரியத் தகட்டில் சிலிக்கானால் ஆன சிறு கலங்கள் வரிசையாக இணைக்கப்பட்டிருக்கும். ஒளி படும்போது அவற்றில் நேர் மின்னோட்டம் உண்டாகிறது. வீட்டு விளக்கும் விசிறியும் மாறு மின்னோட்டத்தில் இயங்குபவை. ஆகவே, இன்வெர்ட்டர் என்னும் கருவி முன்னதைப் பின்னதாக மாற்றித் தருகிறது. ஒரு கிலோவாட் தகடுகள் நாளொன்றுக்கு ஏறத்தாழ நான்கு யூனிட் மின்சாரம் தரும்.

கலங்கள் வரிசையாக இணைந்திருப்பதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. கிணற்றடியிலிருந்து வீடு வரை பெண்கள் வரிசையாக நின்று குடங்களைக் கைமாற்றுவதாகக் கொள்வோம். இடையில் ஒருவர் சோர்ந்தால் வரிசை முழுவதும் தளரும். அதுபோல, தகட்டின் ஒரு மூலையில் விழும் நிழலும், அந்த மூலை இழக்கும் ஒளியைவிட மிகுதியான மின்சாரத்தைக் குறைத்துவிடும்.

இங்கேதான் கட்டுவோர் ஏமாறுகின்றனர். மோதேரா ஏறக்குறையக் கடக ரேகையின் மீது உள்ளது. ஜூன் மாத நண்பகலில் அங்குக் கதிரவன் உச்சந்தலைக்கு நேரே நிற்பதால் நிழலே காண்பதரிது. டிசம்பர் நண்பகலிலோ, நிமிர்ந்து நிற்கும் பொருளின் நிழல் ஏறத்தாழ அதன் உயர அளவுக்கு வடக்கே நீளும். கோடையில் கட்டி முடித்த வீட்டின் தண்ணீர்த் தொட்டி அப்போது தீங்கற்றதாகத் தோன்றும். மார்கழியில் அதன் நிழல் தகட்டின்மேல் படுத்துக்கொள்ளும். எனவே தொட்டியையும் மாடிப்படிக் கூரையையும் வடக்கே அமைத்து, தெற்குப் பக்கத்தைத் தகடுகளுக்கு விட்டுவிடுதல் நன்று. மேல்தளத்தில் ஓடு பதிக்கும் முன்பே தகடு தாங்கும் கால்களை ஊன்ற வேண்டும். பின்னாளில் துளையிட்டால் மழைநீர் கசியும். கம்பி செல்லும் குழாய்களையும் சுவர் பூசும் முன்பே பதித்துவிடுவர்.

தகடு பொருத்தியதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. கண்காணிப்புக் கருவி இல்லாத வீட்டில், குறை நேர்ந்தது கட்டணச் சீட்டு வந்த பிறகே தெரியும். கருவி உள்ள வீட்டில், நாள்தோறும் விளைந்த மின்சாரம் கைப்பேசித் திரையில் ஒரு மலைபோல வரையப்படும்: காலையில் ஏறி, நண்பகலில் உச்சி தொட்டு, மாலையில் இறங்கும். தெளிந்த வானத்திலும் நாள்தோறும் மூன்று மணிக்கு மலையில் பள்ளம் விழுந்தால் அது நிழல். வாரந்தோறும் மலை முழுவதும் தாழ்ந்துகொண்டே வந்தால் அது பெரும்பாலும் தூசி. அதிகாலையில், தகடு குளிர்ந்திருக்கும்போது, நீர்விட்டுக் கழுவினால் போதும். நல்ல வெயிலில் கோடு தரையோடு கிடந்தால் இன்வெர்ட்டர் நின்றுவிட்டது என்று பொருள்.

வாயிலில் உள்ள இருவழி மின்அளவி வேறொரு கணக்கை வைத்திருக்கிறது. பகலில் எஞ்சிய மின்சாரம் ஊர் மின்கம்பிக்குச் செல்வதையும், இரவில் அங்கிருந்து வீட்டுக்கு வருவதையும் அது தனித்தனியே குறிக்கும்.

சேமிப்பு மின்கலம் இல்லாத வீடுகளில் ஒரு வியப்பு நேரும். சுட்டெரிக்கும் வெயிலில் ஊர் மின்சாரம் நின்றால், கூரையில் தகடுகள் இருந்தும் வீட்டு விசிறி நின்றுவிடும். இது பழுதன்று. மின்தடையின்போது கம்பத்தில் ஏறிப் பழுதுபார்ப்பவர், கம்பியில் மின்சாரம் இல்லை என்று நம்பித் தொடுகிறார். அவ்வேளையில் ஒரு வீட்டுக் கூரையிலிருந்து மின்சாரம் பாய்ந்தால் அவர் உயிர் போகும். அதனாலேயே, ஊர் மின்சாரம் நின்ற நொடியில் இன்வெர்ட்டரும் தானே நின்றுவிடுமாறு செய்யப்பட்டுள்ளது.

பயிற்சி

1. பொருள் எழுதுக: இடர்ப்பாடு, காண்பதரிது, எஞ்சிய.

2. ஒரு வீட்டில் ஒரு மாதம் 120 யூனிட் விளைந்தது. அதில் 50 யூனிட் வெளியே சென்றது. 60 யூனிட் உள்ளே வந்தது. அவ்வீடு மொத்தம் எத்தனை யூனிட் பயன்படுத்தியது?

3. தண்ணீர்த் தொட்டியைத் தகடுகளுக்குத் தெற்கே கட்டலாமா? காரணம் தருக.

4. உங்கள் வீட்டு மின்அளவியின் எண்ணை ஒரு வாரம் நாள்தோறும் குறித்து, மின்சாரம் மிகுதியாகச் செலவான நாளைப் பற்றி ஐந்து வரிகள் எழுதுக.