டிராகன் பழமும் அதன் வீட்டு உபயோகமும்

டிராகன் பழம் மெக்ஸிகோ, மத்திய அமெரிக்கா ஆகிய பிரதேசங்களுக்குரிய, பற்றிப் படரும் ஒருவகைக் கள்ளியின் கனியாகும். 2021-ம் வருஷத்தில் குஜராத் அரசாங்கத்தார் இதற்குக் ‘கமலம்’ எனப் பெயரிட்டனர். சிவப்புத் தோலுடையவற்றில் வெண்சதையுள்ளது, செஞ்சதையுள்ளது என இரு வகையுண்டு.

பறித்த பின் இது மா, வாழையைப் போல் பழுத்து இனிப்பேறுவதில்லை. ஆகையால் பூத்து ஏறக்குறைய 30 நாள் சென்று, தோல் முழுவதும் சிவந்து, செதில்களின் நுனி வாடத் தொடங்கும் வரையில் கொடியிலேயே விட்டுவைத்தல் அவசியம். அவசரப்பட்டு அறுத்த காய் வீட்டாருக்கும் ருசிக்காது. ஒருமுறை வாங்கினவன் மறுமுறை வாங்கான்.

பழத்தை நன்றாகக் கழுவி, நீளவாட்டில் இரண்டாகப் பிளந்து, சதையைக் கரண்டியால் வழித்தெடுக்க வேண்டும். எள் போன்ற கரிய விதைகளைச் சதையோடு மென்று தின்னலாம். சற்றுக் குளிரவைத்து, எலுமிச்சஞ்சாறும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்தால் சுவை மிகும். நீர் விட்டுப் பிசைந்து, வடிகட்டாமலே பானமாகவும் அருந்தலாம். நெடுநேரம் கொதிக்கவைத்தால் செஞ்சதையின் நிறம் மங்கிவிடும். வெட்டிய பழத்தை அன்றே உண்டு தீர்ப்பது நலம்.

செஞ்சதைப் பழத்தை உண்டவர்க்குச் சிறுநீர் சிவந்து காணலாம். அது இரத்தமன்று, பழத்தின் சாயமே. பழம் உண்ணாத நாட்களிலும் அந்நிறம் நீடித்தால் மட்டும் வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். கிராம அதிகாரிகள் இவ்விஷயத்தைக் குடியானவர்களுக்கு எடுத்துரைத்தால் வீண் பயம் நீங்கும்.